கணக்கு நோட்டு யார் கையில்?

(கோவில்பட்டி வட்டாரத்தில் இளைஞர்கள் நடத்தும் மாலை நேரப் படிப்பகம் ஒன்றின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

அழைப்பிதழில் எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு ‘அம்பேத்கரும் கல்வியும்’. அந்தத் தலைப்பில் பேசுவதற்கு நிறைய பேர் இருக்கிறார்கள். நான் உங்கள் கூட்டப் பொருளில் நான்காவதாக எழுதியிருக்கிற விஷயத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். பேசி முடிக்கும்போது தலைப்புக்குள்தான் இருந்திருப்பேன் என்று நினைக்கிறேன்.

வட்டாரத்தில் வசதியான ஒருவர் படிப்பகத்துக்குக் கட்டடம் கட்டித் தருகிறேன், வருடச் செலவையும் ஏற்றுக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். வாசலில் அவருடைய அப்பா பெயர் இருக்க வேண்டும், காலம் முழுக்க அவர் கௌரவத் தலைவராக இருக்க வேண்டும். இந்த இரண்டும் நிபந்தனைகள். மூன்றாவதாக ஒன்றை உதவி போலச் சொல்லியிருக்கிறார்: “தம்பிகள் பாடம் சொல்லிக் கொடுப்பதைப் பாருங்கள், கணக்கு வழக்கை எங்கள் ஆபீசிலேயே பார்த்துக்கொள்வார்கள்.”

உங்களில் சிலருக்கு வாசல் பெயர்தான் உறுத்துகிறது. சிலருக்குத் தலைவர் பதவி. எனக்கு உறுத்துவது அந்த மூன்றாவது. அவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் எனக்கு உறுத்துகிறது.

ஏன் என்று சொல்ல 1932-க்குப் போக வேண்டும். பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது செப்டம்பர் 24. ஆறு நாள் கழித்து, செப்டம்பர் 30 அன்று, பம்பாயில் தீண்டாமை ஒழிப்புக்கென்று ஓர் அமைப்பு தொடங்கப்பட்டது. பின்னால் ஹரிஜன சேவா சங்கம் என்று பெயர் பெற்றது அதுதான். தலைவர் ஜி.டி. பிர்லா, செயலாளர் ஏ.வி. தக்கர். அதன் மத்தியக் குழுவில் அம்பேத்கரும் இருந்தார். வட்டமேசை மாநாட்டுக்காகக் கப்பலில் போய்க்கொண்டிருந்தபோது, அந்த நவம்பரில், தக்கருக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். தனிமனிதர்களைத் திருத்துகிற வேலையில் பணத்தைச் செலவிடாதீர்கள். கிணறு, பள்ளி, பாதை, வேலை இவற்றில் உரிமைக்கான போராட்டத்தை நடத்துங்கள். வேலைக்கு எடுக்கிற ஊழியர்களை ஒடுக்கப்பட்ட வகுப்பாரிலிருந்து எடுங்கள் என்பதெல்லாம் அதில் இருக்கின்றன. அந்தக் கடிதத்தின் யோசனைகள் ஏற்கப்படவில்லை. அவர் குழுவிலிருந்து விலகினார்.

நிர்வாகத்தில் எங்களுக்கும் இடம் வேண்டும் என்று தீண்டப்படாதோர் கேட்டபோது காந்தியிடமிருந்து வந்த பதில் இதுதான்: இது இந்துக்கள் தங்கள் பாவத்துக்குச் செய்யும் பிராயச்சித்தம், பணமும் இந்துக்கள் கொடுத்தது, ஆகவே நடத்த வேண்டியவர்களும் அவர்களே. கொடுத்தவன் பணம், கொடுத்தவன் பாவம், கொடுத்தவன் நிர்வாகம். வாங்குகிறவனுக்கு அங்கே வேலை என்ன? 1933 நவம்பரிலிருந்து 1934 ஜூலை வரை நிதி திரட்டிக்கொண்டு காந்தி நாடு முழுக்கச் சுற்றினார். 1934 ஜனவரியில் நம் தென்மாவட்டங்களுக்கும் வந்தார். அந்தப் பணம் நம்மவர்கள் பெயரில் திரட்டப்பட்டது. அதன் கணக்கைக் கேட்கிற இடத்தில் நம்மவர்கள் இல்லை.

அம்பேத்கர் கோபத்தில் விலகிவிட்டுப் போய்விட்டார் என்று சிலர் எழுதுவார்கள். அவர் செய்தது வேறு. 1945-இல் வந்த ‘காங்கிரசும் காந்தியும் தீண்டப்படாதோருக்குச் செய்ததென்ன’ என்ற நூலைப் படித்துப் பாருங்கள். அதில் பாதி இடங்களில் அவர் ஒரு தணிக்கையாளரைப் போல உட்கார்ந்திருக்கிறார். 1921-இல் ஒரு கோடிக்கு மேல் திரட்டப்பட்ட திலகர் சுயராஜ்ய நிதி எந்தெந்தத் தலைப்பில் போனது, தீண்டப்படாதோர் பணிக்கென்று ஒதுக்கியது எவ்வளவு, சேவா சங்கத்தின் வரவு எப்படி, செலவு எப்படி என்று வரி வரியாகப் போகிறார். பொருளாதாரம் படித்தவர் என்பதால் மட்டும் அப்படி எழுதினார் என்று நான் நினைக்கவில்லை. நம் பெயரில் செலவாகிற பணத்தின் கணக்கைக் கேட்பது நம் உரிமை என்பதை எழுதியே நிறுவினார்.

அதற்கு முன்பே அவர் ஓர் அமைப்பை நடத்திக் காட்டியிருந்தார். 1924 ஜூலையில் தொடங்கிய பகிஷ்கிருத ஹிதகாரிணி சபா. அதன் தலைவர் சர் சிமன்லால் செதல்வாட், பெரிய வழக்கறிஞர், மேல்தட்டு ஆள். துணைத் தலைவர்களிலும் அப்படிப்பட்டவர்கள் உண்டு. ஆனால் நிர்வாகக் குழுவுக்குத் தலைவர் அம்பேத்கர். செயலாளர் சிவ்தர்கர், பொருளாளர் ஜாதவ், இருவரும் ஒடுக்கப்பட்டோர். 1925 ஜனவரியில் சோலாப்பூரில் பிள்ளைகளுக்கு விடுதி திறந்தார்கள். மேடையில் நாற்காலி போடுவதில் அவர் கஞ்சத்தனம் காட்டவில்லை. பெட்டிச் சாவியைத் தன் மக்களிடம் வைத்துக்கொண்டார். கௌரவத் தலைவர் பதவியைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை என்று சொன்னது இதனால்தான்.

இப்போது நம் கரிசலுக்கு வருகிறேன். சொந்தக் காசில் பள்ளி நடத்துவது என்றால் இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது மகமை. நாடார் உறவின்முறைகள் வியாபாரத்தில் ஒரு சிறு பங்கை மகமை என்று எடுத்துப் பொதுநிதி சேர்த்தார்கள். கோயில் நுழைவுக்காக கமுதியில் வழக்கு, 1899 ஜூனில் சிவகாசி சூறையாடல் என்று அடி வாங்கிக்கொண்டிருந்த காலம் அது. விருதுநகரில் 1880-களில் சத்திரிய வித்தியாசாலை வந்தது. வீட்டுக்கு வீடு தினமும் ஒரு பிடி அரிசி எடுத்து வைத்து அந்தப் பள்ளியை நடத்தினார்கள். காமராஜர் படித்தது அந்தப் பிடி அரிசிப் பள்ளியில்தான். கோவில்பட்டியிலும் உறவின்முறைப் பள்ளிகள் இருக்கின்றன, நம்மில் சிலர் அங்கே படித்திருக்கிறோம்.

ராபர்ட் ஹார்ட்கிரேவ் என்ற அமெரிக்கர் 1969-இல் நாடார்களைப் பற்றி வெளியிட்ட நூலில் இந்த ஏற்பாடுகளை விரிவாக எழுதியிருக்கிறார். எனக்கு அதில் பிடித்தது, வசூல் யாருடைய பொறுப்பு என்பது தெளிவாக இருப்பது. முறைகாரர் என்று ஆட்கள் இருந்தார்கள், எந்தெந்தக் குடும்பத்திடம் யார் வாங்குவது என்று பிரித்திருந்தார்கள். ஒரு பெரிய மனிதரின் தயவில் நிற்காமல், பல பேர் தொடர்ந்து கொடுக்கிற சிறு தொகையில் நின்றது. அதனால்தான் ஒருவர் செத்தாலும், ஒருவர் கோபித்துக்கொண்டாலும் பள்ளி மூடவில்லை.

ஆனால் அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. உறவின்முறைக்கு உறுப்பினர் ஆவது பிறப்பால். கட்டுப்பாட்டை மீறினால் அபராதம், ஒதுக்கிவைத்தல். பிடி அரிசியை எடுத்து வைத்தது பெண்ணின் கை, தீர்மானம் போட்டது ஆணின் வாய். சாதியால் அடிபட்டவர்கள் கட்டிய பொதுநிதி, சாதிக்கே வேலியாகவும் ஆனது. வசூல் முறையை அவர்களிடம் கற்கலாம். வேலியை விட்டுவிடலாம்.

ஊர்த் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போடுவதை யோசித்துப் பாருங்கள். வரி கொடுத்தவனுக்கு மரியாதை உண்டு, கேள்வி கேட்கும் உரிமை உண்டு. அதனால்தான் பல ஊர்களில் நம் ஆட்களிடம் வரி வாங்கவே மாட்டார்கள். காசு வேண்டாம் என்று யாராவது சொல்வார்களா? சாதி சொல்லும். பத்து ரூபாய் வாங்கிவிட்டால் நாளைக்குக் கணக்கு கேட்பான், தேர் வடத்தைத் தொடுவான் என்பது அவர்களுக்குத் தெரியும். கணவனை இழந்த பெண்ணின் வீட்டுக்கு அரை வரி என்று வைத்திருக்கிற ஊர்களும் உண்டு. சலுகை போலத் தெரியும். அரை வரிக்கு அரை ஆள் என்பதுதான் உள்ளே இருக்கிற அர்த்தம்.

ஆக, நம் படிப்பகத்துக்கு நம் மக்கள் மாதம் 50 ரூபாய் கொடுப்பது பணத்துக்காக மட்டும் முக்கியமில்லை. ஆனால் பணக் கணக்கையும் போட்டே பார்த்துவிடலாம், உணர்ச்சியில் கட்டடம் நிற்காது. இது உங்கள் கணக்கு இல்லை. இது போன்ற ஒரு படிப்பகத்துக்கு நான் போட்ட உத்தேசக் கணக்கு. 40 பிள்ளைகள். அறை வாடகை 1,500, கரண்டு 500. பாடம் சொல்லித் தரும் இரண்டு பேருக்கு ஆளுக்கு 2,000, மொத்தம் 4,000. இதைப் பெரிதாக நினைக்காதீர்கள்; அரசே இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலருக்கு மாதம் 1,000 கொடுத்தது. சுண்டலுக்குப் பிள்ளைக்கு 5 ரூபாய் வீதம் 22 நாளைக்கு 4,400. நோட்டு, சாக்பீஸ் 1,000. மாதம் 11,400. வருடத்துக்கு 1,36,800.

வரவு: 60 வீடு, வீட்டுக்கு 50 என்றால் வருடத்துக்கு 36,000. இங்கே படித்து வேலைக்குப் போன 20 பேர் மாதம் 300 அனுப்பினால் 72,000. மொத்தம் 1,08,000. துண்டு விழுவது 28,800.

இந்த 28,800 ரூபாய்தான் கதவு. பெரிய மனிதர்கள், கட்சிக்காரர்கள், சாதிச் சங்கங்கள் எல்லோரும் உள்ளே வருவது இந்தக் கதவு வழியாக. 28,800-க்கு ஆள் தேட வேண்டிய நாம், கட்டடம், வருடச் செலவு என்று மொத்தத்தையும் ஒருவர் கையில் கொடுத்துவிடுகிறோம். அதற்கு ஒரு காரணம் நம் வரவு மாதாமாதம் ஒரே மாதிரி வருவதில்லை. மானாவாரிக் காட்டில் ஐப்பசி, கார்த்திகையில் யார் கையில் காசு இருக்கும்? உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் வீடு வந்த பிறகுதான் கடன் போக ஏதாவது மிஞ்சும். தீப்பெட்டி வேலையும் வெயிலை நம்பியது; அடைமழையில் குச்சி காயாது, வாரக்கூலி குறையும். வெளியூரில் வேலை பார்க்கிற தம்பி பொங்கலுக்கு வரும்போது மொத்தமாகக் கொடுப்பான். எனவே ஐப்பசியில் வாடகைக்குத் தட்டுப்பாடு வரும், அப்போது யாரிடமாவது ஓடுவோம். மூன்று மாதச் செலவு, இந்தக் கணக்கில் 34,200 ரூபாய், வங்கியில் இருப்பாக இருந்தால் அந்த ஓட்டம் நின்றுவிடும். தை, மாசியில் வாங்கி வைத்து ஐப்பசியில் எடுக்க வேண்டும். நம் பாட்டிகள் குலுக்கைத் தானியத்தில் செய்த வேலைதான் இது.

ஆய்வுக்காக இந்த வட்டாரத்தில் சில மன்றங்களின் நோட்டுகளைப் பார்த்திருக்கிறேன். பெரிய திருட்டு எதையும் நான் பார்க்கவில்லை. பார்த்தது இப்படித்தான்: கூகுள் பே எண் பொருளாளருடைய சொந்த எண். நன்கொடையும் அவர் சம்பளமும் ஒரே கணக்கில் விழுகிறது. ஏப்ரல் 14-க்கு ஃப்ளெக்ஸ் அடித்த செலவுக்கு பில் இல்லை. அந்தத் தம்பி ஒரு ரூபாய் எடுத்திருக்க மாட்டான். ஆனால் யாராவது ஒருவர் டீக்கடையில் சந்தேகமாக ஒரு வார்த்தை சொன்னால் அவனால் நிரூபிக்க முடியாது. மனம் விட்டு விலகிவிடுவான். மன்றம் அவனோடு போய்விடும். நம் ஆட்கள் மேல் சந்தேகச் சொல் எவ்வளவு சீக்கிரம் ஒட்டும் என்பது உங்களுக்குத் தெரியும். பெரிய மனிதரின் அறக்கட்டளையில் கணக்கே இல்லாவிட்டாலும் யாரும் கேட்க மாட்டார்கள், சேரிப் பையன்கள் நடத்தும் மன்றத்தில் 200 ரூபாய் வவுச்சர் காணாமல் போனால் ஊரே பேசும்.

சட்டம் இங்கே ஓரளவு உதவும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இல் இயற்றப்பட்டது. ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதியலாம். ஆண்டுக்கு ஒரு முறை பொதுக்குழு, கணக்குத் தணிக்கை, பதிவாளரிடம் தாக்கல். மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்கள் மனு கொடுத்தால், சங்கம் எப்படி நடக்கிறது, அதன் நிதிநிலை என்ன என்று பதிவாளர் விசாரிக்க முடியும். பதிந்து, பான் எண் வாங்கினால் சங்கத்தின் பெயரிலேயே வங்கிக் கணக்கு தொடங்கலாம், இருவர் கையெழுத்து இல்லாமல் பணம் எடுக்க முடியாதபடி வைக்கலாம். பதிவு என்றாலே ஆபீஸ் ஆபீஸாக அலைச்சல் என்று நீங்கள் முகம் சுளிப்பது தெரிகிறது. அலைச்சல்தான். ஆனால் அந்தக் கௌரவத் தலைவர் ‘ஆபீசில் பார்த்துக்கொள்வார்கள்’ என்று சொல்கிறபோது, எங்கள் சட்டப்படி பொதுக்குழுதான் பார்க்க வேண்டும் அண்ணாச்சி என்று சொல்வதற்கு ஒரு காகிதம் கையில் இருக்கும்.

வெளியே பெரிய நிதி இருக்கிறதே, கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி, வெளிநாட்டு நிதி என்று ஒரு தம்பி காலையில் கேட்டார். கம்பெனி நிதியைப் பொறுத்தவரை, 2021 ஏப்ரலுக்குப் பிறகு அதை வாங்க வேண்டுமானால் வருமான வரித்துறைப் பதிவுகள், சி.எஸ்.ஆர்.-1 படிவம், மூன்று வருடப் பணி அனுபவம் எல்லாம் வேண்டும். சின்ன மன்றத்துக்கு இப்போதைக்கு எட்டாது. வெளிநாட்டு நிதி அதைவிடத் தூரம். 2020-இல் எஃப்.சி.ஆர்.ஏ. சட்டத்தைத் திருத்தியபோது, வாங்குகிற அமைப்பு இன்னொரு அமைப்புக்கு அந்தப் பணத்தைக் கொடுக்கவே கூடாது என்று ஆக்கிவிட்டார்கள். பணம் டெல்லியில் ஸ்டேட் வங்கியின் ஒரே ஒரு கிளைக்குத்தான் முதலில் வர வேண்டும். நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நகரத்துத் தொண்டு நிறுவனம் வாங்கி, கிராமத்து மன்றத்துக்குக் கொஞ்சம் பகிர்ந்து கொடுத்த பழைய வழி அதோடு அடைபட்டது. 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் திருத்தங்கள் செல்லும் என்று சொல்லிவிட்டது.

பெரிய அமைப்புகளுக்கே என்ன நடந்தது என்று பாருங்கள். குஜராத்தில் மார்ட்டின் மக்வான் தொடங்கிய நவசர்ஜன், தலித் பிள்ளைகளுக்குப் பள்ளிகள் நடத்திய அமைப்பு, கையால் மலம் அள்ளுவதற்கு எதிராகப் பல ஆண்டுகள் வேலை செய்த அமைப்பு. 2016 டிசம்பரில் அதன் எஃப்.சி.ஆர்.ஏ. உரிமம் ரத்தானது, ஊழியர்களை வீட்டுக்கு அனுப்ப வேண்டி வந்தது. நம் மதுரையில் மக்கள் கண்காணிப்பகத்துக்கு அதே ஆண்டு உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தார்கள். உரிமையைப் பேசுகிற அமைப்பின் மூச்சு ஒரு உரிமத்தில் இருக்கும்போது அரசுக்கு வேலை சுலபம். இதற்காக அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்; அந்தப் பணம் இல்லாமல் பல வழக்குகள் நடந்தே இருக்காது. ஆனால் ஒரே குழாயில் தண்ணீர் குடிக்கிறவர்களுக்குக் குழாயை மூடுகிறவன்தான் எஜமான் என்பது டெல்லிக்கும் பொருந்தும், நம் வட்டாரத்துப் பெரிய மனிதருக்கும் பொருந்தும்.

அப்படியென்றால் அவர் பணத்தை வேண்டாம் என்று சொல்லச் சொல்கிறேனா? இல்லை. வாங்கலாம். அவர் சொத்தில் நம் அப்பன்களின் வியர்வை இருக்கிறது, அதைக் கொஞ்சம் திரும்ப வாங்குவதில் எனக்குக் கூச்சம் இல்லை. ரசீது கொடுத்து வாங்குங்கள். ஆனால் ஒருவரிடமிருந்து வருட வரவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாங்குவதில்லை என்று ஒரு விதி போடுங்கள். அவர் நாளைக்கு நிறுத்தினாலும் சுண்டலைக் குறைத்துக்கொண்டாவது படிப்பகம் ஓடும். கட்டடம் என்றால் இடம் சங்கத்தின் பெயரில் பதிவாக வேண்டும். அவர் இடத்தில் கட்டுகிற கட்டடம் எப்போதும் அவருடைய கட்டடம்தான். அப்பா பெயரைப் போடலாமா என்று நீங்கள் ஓட்டுப் போட்டு முடிவு செய்யுங்கள், என் ஓட்டு சாதிப் பட்டம் இல்லாத பெயருக்கு. கௌரவத் தலைவர் பதவி ஒரு வருடத்துக்குக் கொடுங்கள், அடுத்த வருடம் ஓய்வு பெற்ற நம் டீச்சருக்குக் கொடுங்கள். கணக்கு நோட்டு மட்டும் இந்த அறையை விட்டுப் போகக் கூடாது. அதற்கு அவர் சம்மதிக்கவில்லை என்றால் கட்டடம் வேண்டாம். மரத்தடியில் நடத்திய வருடங்கள் இருக்கின்றன அல்லவா?

இதைச் சொல்லிவிட்டு நம்மையும் பார்க்க வேண்டும். உங்கள் நிர்வாகக் குழுவில் பதினொரு பேரும் ஆண்கள். கேட்டால், அக்காக்களுக்குக் கணக்கு தெரியாது, வர மாட்டார்கள் என்கிறீர்கள். தருமபுரியில் 1989-இல் மகளிர் குழுத் திட்டம் தொடங்கியதிலிருந்து தமிழ்நாடு முழுக்க நோட்டு எழுதுகிறவர்கள் யார்? சந்தா, சேமிப்பு, உள்கடன், வட்டி, தீர்மானப் பதிவேடு எல்லாம் எழுதி, வங்கி மேலாளர் முன்னால் உட்கார்ந்து கடன் பேசி வாங்கி வருகிறவர்கள் யார்? தீப்பெட்டி ஆபீசில் எத்தனை கட்டு ஒட்டினோம், எவ்வளவு கூலி பிடித்தான் என்று விரல் விட்டு எண்ணி மேஸ்திரியோடு சண்டை போடுகிறவர்கள் யார்? அவர்களுக்குக் கணக்கு தெரியாதாம், நமக்குத் தெரியுமாம். பெரிய மனிதர் நம்மிடம் சொன்ன ‘நீங்கள் பாடத்தைப் பாருங்கள், நாங்கள் கணக்கைப் பார்க்கிறோம்’ என்பதற்கும், நாம் அவர்களிடம் சொல்கிற ‘நீங்கள் சுண்டலைப் பாருங்கள்’ என்பதற்கும் எவ்வளவு தூரம் என்று நீங்களே அளந்து பாருங்கள்.

வருடத்துக்கு ஒரு முறை தாளில் ஒட்டி வைக்கிற கணக்கு போதாது. வாசிக்கத் தெரியாத தாயும் இங்கே உறுப்பினர். மாதக் கடைசி ஞாயிறு, எல்லோரும் வேலை முடிந்து வந்த பிறகு, வரவையும் செலவையும் சத்தமாக வாசியுங்கள். யார் கொடுக்கவில்லை என்று பெயர் வாசிக்க வேண்டாம், அது கந்துவட்டிக்காரன் பழக்கம். எவ்வளவு வந்தது, எதற்குப் போனது, மிச்சம் எவ்வளவு, அது எங்கே இருக்கிறது. பத்து நிமிடம் ஆகும். யாராவது குறுக்குக் கேள்வி கேட்டால் பொருளாளர் கோபப்படக் கூடாது, கேட்கிறவர் கிண்டல் பண்ணக் கூடாது.

இன்று பொருளாளர் தேர்தல் இருக்கிறது. பழைய பொருளாளர் தம்பி நன்றாகச் செய்தார், அவருக்குக் கைதட்டுங்கள். இந்த முறை மகளிர் குழு நோட்டு எழுதுகிற அக்காக்களில் ஒருவர் பெயரை முன்மொழியுங்கள். “எனக்கெதுக்குப்பா” என்று மறுப்பார். முதல் தடவை எல்லோரும் மறுப்பார்கள். இரண்டாவது தடவையும் கேளுங்கள்.